நாற்பத்து மூன்று நடை

மாட்சிமை பொருந்திய மனித குலத்தின் மேலான கவனத்துக்கு: தாயில்பட்டியிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி, பன்னிரண்டடி அகலத்தில், கொஞ்சம் தாரும் நிறையக் குழியுமாகக் கிடக்கும் கருப்பனேரிச் சாலை, விஞ்ஞான முறைப்படி ஆராயப்பட்டு, முற்றிலும் ஆபத்தற்றது என்று நிரூபிக்கப்பட்டுவிட்டது. சக்கரம் கண்டுபிடித்த நாளிலிருந்து மனிதன் காத்துக்கிடந்த சேதி இது. நிரூபணம் இருநூற்றுப் பதினான்கு பக்கம். வழுவழு அட்டை. அட்டையில் பனிமலைக்கு நடுவே வளைந்து போகும் அழகான சாலை ஒன்றின் படம். அது கருப்பனேரிச் சாலை இல்லை என்பதை மட்டும் அறிக்கையின் உதவி இல்லாமலேயே ஊரார் கண்டுபிடித்துவிட்டார்கள்.

நிரூபித்தவர் முனைவர் ராம்குமார். சென்னையில் 'தடம் நுண்ணாய்வு மையம்' என்று ஒன்றை நடத்துகிறவர். நிரூபிக்கச் சொன்னவர் மணிகண்டராஜ் அண்ணாச்சி. அவருடைய தாத்தா தீப்பெட்டி, அப்பா காலண்டர், இவர் பட்டாசு. இப்போது கல். கருப்பனேரிக் கரடு என்னும் மொட்டைக் குன்றின் வடபுறத்தில் அவருக்கு ஏற்கெனவே ஒரு குவாரி ஓடிக்கொண்டிருக்கிறது. தென்புறம் மட்டும் என்ன பாவம் செய்தது என்று அங்கேயும் ஒன்று கேட்டு விண்ணப்பித்திருந்தார். புதுக் குவாரி வந்தால் சாலைக்கும் சாலையில் போகிறவர்களுக்கும் என்ன ஆகும் என்று ஆராய்ந்து சொல்ல வேண்டும் என்பது விதி. ஆராய்கிறவரை விண்ணப்பித்தவரே ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்பதும் விதி. மாப்பிள்ளை எப்படி என்று மாப்பிள்ளையின் அம்மாவிடமே விசாரித்துக்கொள்ளும் ஏற்பாடு.

அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழில் நான்கு பக்கமாக அடித்து ஊராட்சி அலுவலக வாசலில் ஒட்டியிருந்தார்கள். மக்கள் படித்துக் கருத்துச் சொல்ல வேண்டுமாம். ஒட்டிய உயரம் ஏழடி. மக்களில் ஏழடி இருப்பவர் யாரும் கருப்பனேரியில் இல்லை. எனவே இரண்டு நாளாக மறுப்பே வரவில்லை.

மூன்றாம் நாள் காலை, பட்டாசுக் கம்பெனி வேனுக்காகக் காத்து நின்ற வேல்விழி, சோற்று வாளியைக் கீழே வைத்துவிட்டு, அலுவலகத் திண்டில் ஏறி நின்று அதைப் படித்தாள். பிளஸ் டூ வரை படித்தவள். அந்தப் படிப்பு கம்பெனியில் சரம் பின்னும் வேலைக்குத் தேவைப்படவில்லை. எனவே அப்படியே புதிதாக இருந்தது.

"ஏ விழி, என்னத்த அம்புட்டு நேரமாப் பாக்க? கல்யாணப் பத்திரிகையா?" என்றாள் பாலம்மாள். ஐம்பதைத் தாண்டியவள். கம்பெனியில் வேல்விழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சரம் பின்னுகிறவள்.

"நம்ம ரோட்டுல லாரியே ஓடலையாம்க்கா."

சொல்லி முடிப்பதற்குள் பழைய குவாரி டிப்பர் ஒன்று கல்லோடு அவர்களைக் கடந்து போனது. இருவரும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டினார்கள். புழுதி அடங்க ஒரு நிமிடம் ஆனது.

"அப்ப இப்பப் போனது என்னது, தேரா?" என்றாள் பாலம்மாள்.

வேல்விழி புழுதியைத் துடைத்துவிட்டு வாய்விட்டுப் படித்தாள். "'தற்போது இச்சாலையில் கனரக வாகன இயக்கம் ஏதுமில்லை. எண்ணிக்கை: பூஜ்யம். நடந்து செல்வோர்: நாற்பத்து மூன்று. இவர்கள் அனைவரும் போகும்போது சுமையுடனும் திரும்பும்போது வெறுங்கையுடனும் செல்வது குறிப்பிடத்தக்கது. இவர்களின் நலன் கருதிச் சாலையோரத்தில் இரண்டு நவீன சுமைதாங்கிகள் அமைக்கப் பரிந்துரைக்கப்படுகிறது.'"

"சுமைதாங்கியா? அது நெறமாசத்துல செத்துப்போனவளுக்கு வைக்கிறதுல்ல? யாருக்குடி வைக்கப் போறாக?"

வேல்விழி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. போகும்போது சுமை, வரும்போது வெறுங்கை. அதாவது லோடு, காலி. அந்த எண்ணை எழுதிய கை எது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. போன மாதம் ஓடைப்பாலத்துக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை உட்கார்ந்து, கட்டம் போட்ட தாளில் வண்டிகளை எண்ணி எழுதியது அவள் புருஷன் செல்வக்குமார்.

அந்த ஓடைப்பாலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கரட்டு இறக்கம் முடிகிற இடத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் இடுப்பளவுச் சுவர். மறுபக்கம் சுவர் இருந்ததற்கான அடையாளம். ஒரு டிப்பர் போனால் பக்கத்தில் ஒரு சைக்கிள் போகலாம், சைக்கிளில் இருப்பவர் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டால். பிளஸ் ஒன் படிக்கும் அவர்களுடைய மகள் மாரீஸ்வரி தினமும் காலை எட்டே முக்காலுக்கு அந்தப் பாலத்தில் மூச்சை இழுத்துக்கொண்டுதான் போகிறாள். இரண்டு மாதத்துக்கு முன் டிப்பர் ஒன்று உரசாமலேயே, வெறும் காற்றால் அவளை ஓடைக்குள் தள்ளியது. கருவேல முள் பதினொன்று. வேல்விழிதான் ஊக்கால் எடுத்தாள். அன்றிலிருந்து கம்பெனியில் கை சரம் பின்னிக்கொண்டிருக்கும்போதும் காது சாலையில் கிடக்கிறது. கம்பெனியில் அறைக்கு நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. போர்மேன் மணிக்கொரு தடவை தலை எண்ணுவார். ஒன்று வெடித்தால் எத்தனை பேர் என்று தெரிய வேண்டுமே. சாலையில் அவளுடைய மகளின் தலையை எண்ண யாரும் இல்லை.

புதுக் குவாரிக்கு நாளொன்றுக்கு அறுபது நடை என்று போட்டிருந்தது. வேனில் போகும்போது வேல்விழி கணக்குப் போட்டாள். பழையது நாற்பத்து மூன்று, புதியது அறுபது. போகவும் வரவும் இருநூற்றாறு தடவை. பன்னிரண்டு மணி நேரத்தில் மூன்றரை நிமிடத்துக்கு ஒன்று. மாரீஸ்வரி பாலத்தைக் கடந்து இறக்கம் தாண்ட நான்கு நிமிடம் ஆகும்.

அடுத்த புதன்கிழமை விசாரணை அதிகாரி நேரில் வந்து சாலையைப் பார்த்துக் குறிப்பு எழுதுவார். அவர் எழுதுவதுதான் முடிவு. அதற்குப் பிறகு எதைச் சொன்னாலும் அது கருத்து அல்ல, புலம்பல்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக ஆரம்பித்தாள்.

"ஏய்யா, அந்தத் தாள்ல நடைங்கிற கட்டத்துல என்ன எளுதுனீக?"

"நடைதான் எளுதுனேன். போகையில லோடு, வரையில காலின்னும் போட்டேன். வேற என்னத்த எளுத?"

"யாரு நடை?"

"டிப்பரு நடை. நாப்பத்து மூணு. வெரல் விட்டு எண்ணிருக்கேன் புள்ள. ஒண்ணு கூட கொறைய சொல்ல முடியாது."

பதினான்கு வருடம் லாரி ஓட்டியவன். லோடோடு போய்க் காலியாகத் திரும்பினால் ஒரு நடை. இது அவனுக்குத் தெரியும், கிளீனருக்குத் தெரியும், லோடுமேனுக்கும் டீக்கடைக்காரருக்கும் தெரியும். நடந்து போகிறவர்களுக்காகச் சென்னையில் கட்டம் போட்டு, இடம் பற்றாமல் தலைப்பை 'நடை' என்று சுருக்கியவருக்கு மட்டும் தெரியாது.

"கனரகம்னு தனியா ஒரு கட்டம் இருந்துச்சுல்ல?"

"அது கன்டெய்னரு, ட்ரெய்லரு. ஒண்ணும் வரல. சைபர் போட்டேன். டிப்பரைப் போயி எவனாச்சும் கனரகம்னு சொல்லுவானா? டிப்பரு டிப்பருதான்."

"நடந்து போன சனம்?"

"அதுக்குக் கட்டம் இல்லியே. விடுறதுக்கு மனசு வரல. தாளத் திருப்பிப் பின்னால எளுதி வச்சேன். பொம்பளையாளு இருநூத்திப் பத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக தொண்ணூத்தி ரெண்டு. மாரியையும் சேத்துத்தான்." இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் கொஞ்சம் பெருமை கூட இருந்தது. "சூப்பர்வைசரு வந்து மொத பக்கத்த மட்டும் போன்ல படம் எடுத்துக்கிட்டாரு."

வேல்விழி சோற்று வாளியைக் கழுவிக் கவிழ்த்தாள். "நீக எண்ணுன டிப்பரு பூராவும் ஆளுகளாயிருச்சு. நீக எண்ணுன ஆளுக பூராவும் இல்லாமப் போயிட்டாக. புதன்கெளம அந்த அதிகாரி வரும்போது நடைன்னா என்னன்னு சொல்லிருங்க. அது போதும்."

அவன் ஓட்டிய லாரியை முதலாளி விற்று இரண்டு வருடம் ஆகிவிட்டது. அதன்பிறகு கிடைத்த வேலை, கிடைத்த நாள். அறிக்கை வந்த அன்றைக்கு மணிகண்டராஜ் அவனைக் கூப்பிட்டுத் தோளில் தட்டி, "புதுக் குவாரியில மொத டிப்பரு ஒனக்குத்தாம்லே" என்று சொல்லியிருந்தார். தன்னுடைய டிப்பர்கள் தாளில் மனிதராகிவிட்டதை அவர் படித்த உடனேயே கவனித்திருக்கிறார். திருத்த வேண்டும் என்று தோன்றவில்லை. அச்சுத் தொழில் செய்த குடும்பம். எந்தப் பிழையை விட்டுவைப்பது என்று தெரியும்.

"சொன்னா வேல போயிரும் புள்ள."

"இன்னும் வரவே இல்ல. அதுக்குள்ள எப்பிடிப் போகும்?"

"ஒனக்கு எல்லாம் கேலி."

"உங்களுக்கு டிப்பரு ஓட்டணும். உங்க மகளுக்கு அந்த டிப்பருக்கு முன்னால சைக்கிள் ஓட்டணும். எதுன்னு முடிவு பண்ணிக்கோங்க."

வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த மாரீஸ்வரி நிமிரவில்லை. "நா வேணும்னா நடந்தே போறேன்ப்பா. பைக்கட்டு இருக்குல்ல. சுமையோட போறவுக நாப்பத்து நாலுன்னு திருத்திக்கிடச் சொல்லுங்க."

செல்வக்குமார் எழுந்துபோய் மீதிக் காற்றை அடித்துக்கொடுத்தான்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கே சாலையில் ஏதோ சரியில்லை என்று வேல்விழிக்குத் தெரிந்தது. ஆறிலிருந்து ஒரு டிப்பர்கூட வரவில்லை. கரட்டுப் பக்கம் அமைதியாக இருந்தது. கொக்கு ஒன்று நடுச்சாலையில் நின்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பழைய குவாரியின் டிப்பர்கள் அத்தனைக்கும் ஒரே இரவில் உடம்புக்கு முடியாமல் போய்விட்டது போலும்.

"பத்து மணி வரைக்கும் வண்டி எடுக்கக் கூடாதுன்னு எல்லா டிரைவருக்கும் போன் போட்டுட்டாராம் அண்ணாச்சி," என்றாள் பாலம்மாள். அவளும் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். "இனி எங்கனருந்து லாரியக் காட்டுவ?"

அவளிடம் இருந்த ஒரே சாட்சி அந்த டிப்பர்கள்தான். மற்றொரு சாட்சி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மணிகண்டராஜுக்கு இரண்டடி பின்னால், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

எட்டே காலுக்கு மூன்று கார்கள் வந்தன. சாலைப் பாதுகாப்பை ஆராய வந்த மூன்று கார்களும் ஓடைப்பாலத்துக்கு முன்னால், ஊர்ப்பக்கத்தில், சாலையின் இடது பாதியில், வரிசையாக நிறுத்தப்பட்டன. பாலத்தைத் தாண்டி, கரட்டுப் பக்கச் சாலையோரத்தில், நிழலுக்காக ஒரு குடை, ஒரு மேஜை, அதன்மேல் சிவப்பு விரிப்பு, விரிப்பின்மேல் முந்திரிப்பருப்பு. விசாரணை அதிகாரி நாற்பது வயதுப் பெண்மணி. முந்திரியைத் தொடவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், "ஆரம்பிங்க" என்றார்.

முனைவர் ராம்குமார் தொண்டையைச் செருமினார். "மேடம், சாலை என்பது வெறும் கல்லும் தாரும் அல்ல. அது ஓர் உயிருள்ள அமைப்பு. அது சுவாசிக்கிறது."

"அதான் இப்பிடி இளைக்குது," என்றாள் பாலம்மாள், மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

"எங்கள் ஆய்வின்படி இந்தச் சாலையில் கனரக வாகனம் அறவே இல்லை. நீங்களே பார்க்கிறீர்கள். ஆகவே அறுபது நடை என்பது இந்தச் சாலைக்கு ஒரு சுமையே அல்ல." அவர் கையை நீட்டிச் சாலையைக் காட்டினார். கொக்கு இன்னும் அங்கேயே நின்றது. ஆய்வுக்கு அதைவிடச் சிறந்த ஆதாரம் கிடைத்திருக்காது.

வேல்விழி முன்னால் வந்தாள். "அம்மா, நாப்பத்து மூணு பேரு செமையோட நடக்காகன்னு போட்டிருக்காகல்ல. அது ஆளு இல்லம்மா. டிப்பரு. லாரிக்காரக பாஷையில நடைன்னா லாரி ஒரு தடவ போயிட்டு வாரது. இவரே இப்ப அறுபது நடைன்னாரே, அது என்னன்னு கேளுங்க. ஆளா?"

அதிகாரி முனைவரைப் பார்த்தார். முனைவர் புன்னகைத்தார். அறியாமையைக் காணும்போது படித்தவர்களுக்கு வரும் கருணைப் புன்னகை. "மேடம், அது விண்ணப்பத்தில் உள்ள சொல். எங்கள் படிவத்தில் நடை என்றால் நடத்தல். என் போனிலேயே அகராதி இருக்கிறது. நடத்தல், ஒழுக்கம், எழுத்து நடை, கோயில் நடை. லாரி என்று எங்குமே இல்லை."

"எண்ணுனவர் யார்?" என்றார் அதிகாரி.

மணிகண்டராஜ் திரும்பி, செல்வக்குமாரின் தோளில் கை வைத்து, அவனை மெதுவாக முன்னால் நகர்த்தினார். "இவன்தாம்மா. நம்ம பய. சொல்லுலே செல்வக்குமாரு. நீ எளுதுனதத்தான அய்யா போட்டிருக்காக?" கை தோளிலேயே இருந்தது.

வேல்விழி புருஷனின் முகத்தைப் பார்த்தாள். அவன் அவளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தான். குடை, கொக்கு, முந்திரிப்பருப்பு.

"நா எளுதுனது... எளுதுனபடிதாம்மா இருக்கு."

பொய்யில்லை. உண்மையும் இல்லை. அறிக்கையில் சேர்த்துக்கொள்ளத் தகுந்த வாக்கியம். முனைவர் தலையாட்டினார். அதிகாரி கோப்பைத் திறந்து, பேனாவின் மூடியைக் கழற்றி, எழுத ஆரம்பித்தார். முதல் வரி முடிந்தது. இரண்டாவது வரி. வேல்விழிக்கு அந்தப் பேனா தாளில் உரசும் சத்தம் கேட்டது. அவ்வளவு அமைதி.

அந்த அமைதியில்தான் செல்வக்குமார் தலையைத் தூக்கினான். மற்றவர்களுக்கு இன்னும் எதுவும் கேட்கவில்லை. கரட்டுக்கு மேலே, வளைவுக்கு அந்தப்புறம், ஒரு வண்டி மூன்றாவது கியரிலிருந்து இரண்டுக்கு இறங்கியது. லோடு வண்டி. முழு லோடு.

ஓட்டி வந்தவன் இசக்கிப்பாண்டி. பழைய குவாரி டிரைவர். இரண்டு நாள் விடுப்பில் ஊருக்குப் போய்விட்டு விடிகாலையில்தான் திரும்பியிருந்தான். போனில் சார்ஜ் இல்லை; லோடு ஏற்றி நின்ற வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். அண்ணாச்சியின் உத்தரவு அவனுக்கு மட்டும் போய்ச் சேரவில்லை. கருப்பனேரிச் சாலையின் உண்மை நிலவரம் ஒரு போனில் சார்ஜ் இல்லாததால் வெளியே வந்துகொண்டிருந்தது.

ஊர்ப்பக்கமிருந்து பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். இடது பாதியைக் கார்கள் அடைத்துக்கொண்டிருந்ததால் சைக்கிள்கள் எல்லாம் வலதுபுறம் ஒதுங்கிப் பாலத்தில் ஏறின. முதல் சைக்கிள் மாரீஸ்வரியுடையது. அவள் மூச்சை இழுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்குத்தான் சாலையில் லாரியே இல்லையே.

டிப்பர் வளைவில் திரும்பியது. இசக்கிப்பாண்டி முதலில் கார்களைப் பார்த்தான், பிறகு குடையை, பிறகு பிள்ளைகளை. ஹாரன் அடித்தான். பிரேக்கை மிதித்தான். இருபது டன் கல் இறக்கத்தில் அவ்வளவு சீக்கிரம் பேச்சுக் கேட்பதில்லை. டயர் தேய்கிற சத்தம் வந்தது, வண்டி நிற்கவில்லை. வேல்விழி கத்தினாள். என்ன கத்தினாள் என்று பிறகு அவளுக்கே நினைவில்லை. அதிகாரி நாற்காலியிலிருந்து எழுந்தார். முனைவர் காருக்குப் பின்னால் போனார். அவரைப் பொறுத்தவரை நடத்தல் என்ற சொல் அந்த ஒரு கணத்தில் ஓடுதல் என்று விரிவடைந்திருந்தது.

செல்வக்குமார் மகளைப் பார்த்து ஓடவில்லை. அவன் மேஜை விரிப்பை உருவினான். முந்திரி நாலாபுறமும் சிதறியது. சிவப்பு விரிப்பைத் தலைக்கு மேலே வீசிக்கொண்டு, டிப்பரை நோக்கி, மேட்டில் ஏறி ஓடினான்.

"ஏலே இசக்கீ! பிரேக்க விடுலே! வலத்த ஒடி! வலத்த ஒடிலே! காட்டுக்குள்ள எறக்கு!"

பிரேக்கை அழுத்தியபடியே இருந்தால் வண்டி திரும்பாது. நேராகப் பாலத்துக்குத்தான் போகும். இது ஓட்டியவனுக்குத்தான் தெரியும். இசக்கிப்பாண்டிக்கும் தெரியும், பயத்தில் மறந்திருந்தது. சிவப்புத் துணி நினைவூட்டியது. பிரேக்கிலிருந்து காலை எடுத்து, வலதுபுறம் ஒடித்தான். போன வாரம் மழை குடித்த கரிசல். முன்சக்கரம் இறங்கியது, பின்சக்கரம் இறங்கியது, வண்டி அச்சு வரைக்கும் புதைந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, முனகிக்கொண்டு நின்றது. பாலத்துக்கும் அதற்கும் இடையில் எட்டடி. மேலே இருந்த கல்லில் கொஞ்சம் சரிந்து சாலையில் கொட்டியது. குடத்தின் பருமனுள்ள கல் ஒன்று நிதானமாக உருண்டு வந்து, மேஜைக்காலைத் தொட்டு நின்றது.

மாரீஸ்வரி சைக்கிளைப் போட்டுவிட்டுப் பாலச்சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். கண் திறந்திருந்தது. வேல்விழி ஓடிப்போய் அவளைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். பிறகு பின்னால் நின்ற பிள்ளைகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். போர்மேன் எண்ணுகிற மாதிரி, விரலை நீட்டி, தலை தலையாக.

முனைவர்தான் முதலில் மீண்டார். காருக்குப் பின்னாலிருந்து வந்து சட்டையைச் சரி செய்துகொண்டு, "மேடம், இது ஒரு விதிவிலக்கான நிகழ்வு. தரவுப்படி இந்த வாகனம் இங்கே இருக்க வாய்ப்பில்லை" என்றார்.

அதிகாரி அவரைப் பார்க்கவில்லை. மேட்டிலிருந்து மூச்சு வாங்க இறங்கி வந்த செல்வக்குமாரைப் பார்த்தார். "இதை உங்க தாள்ல எந்தக் கட்டத்துல எழுதுவீங்க?"

செல்வக்குமார் மணிகண்டராஜைப் பார்த்தான். அவர் மிக லேசாக, பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாத அளவுக்கு, தலையை இடவலமாக அசைத்தார். அவன் பாலத்தின் பக்கம் திரும்பினான். மாரீஸ்வரி குனிந்து சைக்கிளைத் தூக்கிக்கொண்டிருந்தாள். சைக்கிள் மறுபடி விழுந்தது.

"நடையிலம்மா," என்றான். "இது லோடு. காலியாத் திரும்பி வந்தாத்தான் ஒரு நடை. அன்னைக்கு நாப்பத்து மூணு நடை. அம்புட்டும் டிப்பரு, அம்புட்டும் அண்ணாச்சியோட பழைய குவாரி வண்டி. அதுல ஆளு ஒண்ணு கூட இல்ல. ஆளுகளப் பின்னால எளுதிருக்கேன்."

"பின்னாலன்னா?"

"தாளுக்குப் பின்னால. எம் மக கூட அதுல இருக்கா."

அதிகாரி முனைவர் பக்கம் திரும்பினார். "பின்பக்கம் எங்க?"

"மேடம், பின்பக்கத்தை ஆராய்வது எங்கள் ஆய்வு வரம்புக்குள்..." அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. அவர் முடிக்காத ஒரே வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

அதிகாரி தான் எழுதியிருந்த இரண்டு வரியையும் குறுக்கே அடித்தார். புதிய தாள் எடுத்தார். இந்த முறை நின்றுகொண்டே எழுதினார்.

கார்கள் கிளம்பிய பிறகு மணிகண்டராஜ் செல்வக்குமாரின் பக்கத்தில் வந்து நின்றார். கோபம் இல்லை, அவருக்குக் கோபப்பட நேரம் கிடையாது. "மொத டிப்பரு ஒனக்குன்னு நெனச்சிருந்தேன்லே."

"கடேசி டிப்பரும் வேண்டாம் அண்ணாச்சி."

"அத நாந்தான்லே சொல்லணும்," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

வீட்டுக்குப் போகிற வழியில் வேல்விழி புருஷனிடம் ஒன்றுதான் கேட்டாள். "மகள விட்டுட்டு லாரியப் பாத்து ஓடுனீகளே, அது எப்பிடி?"

"அவளப் பாத்து ஓடிருந்தா ரெண்டு பேரும் போயிருப்போம் புள்ள."

அவள் முந்தானையில் முடிந்து வைத்திருந்த முந்திரி நான்கை அவனிடம் நீட்டினாள். தரையில் பொறுக்கியதுதான்.

நாற்பது நாள் கழித்து ஆணை வந்தது. பதினொரு பக்கம். 'மனித உயிரின் மதிப்பு அளவிடற்கரியது' என்று தொடங்கி, 'சாலை என்பது மக்களின் சொத்து' என்று நிமிர்ந்து, புதுக் குவாரிக்கு அனுமதி மறுக்கப்படுகிறது என்று முடிந்தது. ஊர் கொண்டாடியது. பட்டாசு ஊர் கொண்டாடினால் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மெயின்ரோடு விலக்கிலிருந்து பாலம் வரைக்கும் சரம் போட்டு வெடித்தார்கள், அதில் பாதி வேல்விழியும் பாலம்மாளும் பின்னியது. ஊராட்சிக் கூட்டத்தில் செல்வக்குமாருக்கும் வேல்விழிக்கும் துண்டு போர்த்தினார்கள். பேசிய ஆறு பேரில் நான்கு பேர் இதை வரலாறு என்றார்கள், ஒருவர் சகாப்தம் என்றார், மீதி ஒருவர் மைக் வேலை செய்யாததால் என்ன சொன்னார் என்று தெரியவில்லை. முனைவர் ராம்குமார் சென்னையில் ஒரு கருத்தரங்கில், வட்டாரச் சொற்கள் தரவை எவ்வாறு சேதப்படுத்துகின்றன என்று நாற்பது நிமிடம் பேசிக் கைதட்டல் வாங்கினார். இனிமேல் இந்தச் சாலையில் ஒரு குழந்தைக்குக்கூட ஆபத்து வராது என்று கூட்டத் தலைவர் உறுதி கூறினார். பெண்கள் குலவை போட்டார்கள்.

ஆணை புதுக் குவாரிக்கு. பழைய குவாரியைப் பற்றி யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை, ஆகவே யாரும் எதையும் மறுத்திருக்கவில்லை.

மறுநாள் காலை எட்டே முக்காலுக்கு மாரீஸ்வரி பாலத்துக்கு முன்னால் சைக்கிளைவிட்டு இறங்கி, மூன்று டிப்பருக்கு வழிவிட்டு நின்றாள்.